கேட்டுக்கு வெளியே நின்ற ஸ்டாஃப் ரூம்

பள்ளிக்கூடம் மறுபடி திறக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் எங்கள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. ஊசியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆசிரியரோ, ஆயாம்மாவோ, வேன் டிரைவரோ, திறப்பு நாளுக்கு முன்னால் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டைத் தாண்டக் கூடாது என்று தாளாளர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னணியில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்து வழிமொழிந்தது.

நான் அப்போது டிகிரி முடித்த கையோடு ஆரணியில் அந்தத் தனியார் பள்ளிக்கு கம்ப்யூட்டர் சாராகப் போயிருந்தேன். லேபைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் ஆன்லைன். ஆனால் கருத்து சொல்வதில் நான்தான் சீனியர். கட்டாய ஊசிக்கு ஆதரவாக குரூப்பில் பக்கம் பக்கமாக டைப் அடித்தேன். ஆதரிப்பதிலேயே பிஸியாக இருந்ததால் போய்ப் போட்டுக்கொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் தாளாளர் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு பஜாரில் பட்டுக்கடை உண்டு. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதுபோலவே எங்களிடமும் பேசுவார்.

"யாருக்கு இன்னா ஆட்சேபணை? இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் குரூப்ல அழக் கூடாது."

பி.டி. மாஸ்டர் எழுந்தார். படவேட்டுக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"கம்பல்சரின்னு சொன்னதுதான் சார் எனக்குப் பேஜாரா கீது. சொல்லாம உட்டுருந்தா போன மாசமே போட்டுக்கினு இருப்பேன்."

"மாஸ்டர், ஊசின்னா பயம்னு ஒரே வார்த்தைல சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நீ போட்டுக்கினியா தம்பி?"

நான் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கினேன். "பசங்களுக்கு இன்னும் ஊசி வரல. அப்ப நாமதான போட்டுக்கணும்? இதுல என் உரிமை, உன் உரிமைன்னு பேச இன்னா கீது? ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!" ஆயாம்மா மட்டும் கை தட்டினார்.

அப்போதுதான் கணக்கு டீச்சர் கையைத் தூக்கினார். பத்தாம் வகுப்புக் கணக்கு முழுக்க அவர் தலையில்தான். லாக்டவுனில் அவர் மைக்கை ஆன் செய்தாலே உள்ளறையிலிருந்து தறிச் சத்தம் வரும். பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கே வாய்ப்பாடு சொல்லப் பழகியிருந்தார்கள்.

"நான் போட மாட்டேன்னு சொல்லல சார். என்னைக்குன்னுதான் பேசணும். என் தங்கச்சி கல்யாணப் புடவை தறியில இருக்குது. நானே நெய்யறேன்னு வாக்கு குடுத்துட்டேன். இன்னும் ஒரு வாரத்துல இறங்கிடும். இறங்குன மறுநாள் போட்டுக்கறேன்."

"உங்க வீட்டுக்காரர் நெய்ய மாட்டாரா?" என்று கேட்டேன்.

தாளாளர் உட்பட ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்தவாசிக்காரன், எனக்கு எப்படித் தெரியும்?

"அவர் அடி வேற, என் அடி வேற" என்றார் டீச்சர். "பாதிப் புடவையில கை மாறினா நெசவு மாறிடும். வெளிச்சத்துல புடிச்சா குறுக்கால கோடு தெரியும். ஊசி போட்டுட்டு எனக்குக் கை வலிச்சா, ஜுரம் வந்தா, யார் ஒக்காந்து முடிக்கறது?"

பட்டுக்கடைக்காரருக்கு அந்த நியாயம் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. தாளாளருக்குத்தான் புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள புடவைக்காக உட்டா, நாளைக்கு மாஸ்டர் பசு கன்னு போட்டுச்சிம்பாரு. ரூல்னா ரூல்தாம்மா. ஊசி போட்டாத்தான் உள்ள. அது வரைக்கும் பத்தாவது கணக்க..." அவர் கண் மைதானத்தைச் சுற்றி வந்து என் மேல் நின்றது. "கம்ப்யூட்டர் சார் பாத்துக்குவாரு."

திரிகோணமிதியோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிறது.

"சார், ஒரு வாரம்தான? டீச்சருக்கு மட்டும் டைம் குடுக்கலாமே..."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுன்னு இப்பத்தான கத்துன?" என்று பி.டி. மாஸ்டர் ஆனந்தமாகக் கேட்டார்.

குரூப்பில் விவாதம் இழுத்தடித்து, இந்தக் கூட்டமும் முடிந்தபோது திறப்புக்கு முந்தின நாள்தான் மிச்சம் இருந்தது. மீதிப் பேரை எல்லாம் தாளாளர் ஸ்கூல் வேனில் ஏற்றி மொத்தமாக முகாமுக்கு அனுப்பினார். மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நர்ஸ் எப்போதோ முடித்துவிட்டுப் போன பிறகும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் செல்ஃபி எடுத்து குரூப்பில் போட்டோம். தாளாளர் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் ஜுரம். முதல் நாளாயிற்றே என்று முடிந்தவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தோம். கேட்டில் வாட்ச்மேன் டெம்பரேச்சர் பார்க்கும் துப்பாக்கியோடு நின்றார். அவரும் தாளாளரும் எப்போதோ இரண்டு ஊசியும் போட்டு முடித்தவர்கள்.

என் நெற்றியில் வைத்தார். பீப் என்றது. "ஓரமா நில்லுங்க சார்."

மாஸ்டர் நெற்றியில் வைத்தார். அதே பீப்.

"யோவ், இது ஊசி ஜுரம்யா! ஊசி போட்டாத்தான் உள்ள வுடுவேன்னீங்க, போட்டுக்கினு வந்தா ஜுரம்ன்றீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மாஸ்டர். செவப்பு லைட்டு எரிஞ்சா வுடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

கொஞ்ச நேரத்தில் மொத்த ஸ்டாஃப் ரூமும் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் இருந்தது. மாஸ்டர் பெஞ்சில் படுத்தேவிட்டார். உள்ளே தாளாளரும், முதல் கட்டமாக வரச் சொல்லியிருந்த பத்தாம் வகுப்பும் மட்டும். வேறு வழியில்லாமல் அவரே வகுப்பெடுக்கப் போயிருந்தார். பட்டில் அசல் எது போலி எது என்று கண்டுபிடிப்பதை நடத்துவதாகத் தகவல் வந்தது.

அந்த நேரம் பார்த்து கணக்கு டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எனக்குப் பாடக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்ததில் மாஸ்க் மூக்கிலிருந்து நழுவிவிட்டது. சரி செய்துகொண்டு, தானே நெற்றியை நீட்டினார். பச்சை.

"ஆனா நீங்க ஊசி போடலையேம்மா" என்றார் வாட்ச்மேன், உண்மையிலேயே வருத்தத்தோடு.

அதற்குள் பிள்ளைகள் ஜன்னலில் அவரைப் பார்த்துவிட்டார்கள். "டீச்சர்! டீச்சர்!" என்று ஒரே கூச்சல். தாளாளர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, உள்ள வர முடியாது..."

"நான் எங்க சார் உள்ள வரேன்னேன்? நீங்க அவங்கள மைதானத்துக்கு அனுப்புங்க. நான் இங்கியே நிக்கறேன்."

தாளாளர் கேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பெஞ்சில் முனகும் மாஸ்டரைப் பார்த்தார். "ஜல்தியா போர்ட எடுத்துக்கினு வாங்கடா!"

பிள்ளைகள் மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். டீச்சர் ரோட்டில் நின்று கம்பிகளுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லச் சொல்ல, ஒரு பெண் போர்டில் எழுதினாள். போளூர் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் ஃபார்முலா பாதியில் நின்றது. ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடியே கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, உங்கள வெளிய தள்ளிட்டாங்களா?"

"இல்லங்க. அவங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்க!"

எங்கள் ஜுரம் இறங்கி நாங்கள் உள்ளே போன பிறகும் அந்த வாரம் முழுக்க அவர் கேட்டு வாசலிலேயே நடத்தினார். பிறகு ஒரு சாயங்காலம் குரூப்பில் அரக்கு நிறப் புடவை ஒன்றின் போட்டோ வந்தது. மறுநாள் காலை, பஞ்சு ஒட்டிய கையின் போட்டோ. அதற்கடுத்த நாள் ஒரு வரி: "ஜுரம். கணக்கு, கம்ப்யூட்டர் சார்."

இரண்டு நாள் நடத்தினேன். இரண்டாம் நாள் முடிவில் கடைசி வரிசைப் பையன் எழுந்து, "சார், நீங்களும் கேட்டுக்கு வெளிய நின்னு நடத்திப் பாக்கறீங்களா? அப்பவாச்சும் புரியுதான்னு பாக்கலாம்" என்றான்.

கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். மேடையில் தாளாளரால் சும்மா இருக்க முடியவில்லை. மணப்பெண்ணிடம் அனுமதி கேட்டு, முந்தானை ஓரத்தை வீடியோக்காரரின் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கியும் கோடு இல்லம்மா. ஒரே கை."

"புடவையில இல்ல சார்" என்றார் டீச்சர், என்னைப் பார்த்தபடி. "பத்தாவதுலதான் ரெண்டு நாள் கோடு தெரியுது. பிரிச்சி மறுபடி நெய்துக்கினு இருக்கறேன்."