என் டோக்கனில் வேலை செய்தவள்

பஞ்சர் கடையைத் தாண்டும்போது சொலுஷன் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாக இடது கட்டைவிரலைத் தடவிப் பார்க்கும். பேய், சூனியம் எதையும் நம்பாதவள் நான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில், இதே சொலுஷன் வாசனை அடிக்கும் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். டைஃபாய்டு வந்து மூன்று மாதம் படுத்துவிட்டேன். நீண்ட நாள் வராவிட்டால் இடம் போய்விடும்; அதனால் நம் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை இன்னொருத்தியிடம் கொடுத்து நம் பெயரிலேயே வேலைக்கு அனுப்புவது அங்கே வழக்கம், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ரோஸ்லினிடம் கொடுத்தேன். அவள் என்னைவிட நன்றாகத் தைக்கிறாளாம், சூப்பர்வைசர் 'ஸ்டெல்லா, ஸ்டெல்லா' என்று மெச்சுகிறாராம். காய்ச்சலைவிட அதுதான் என்னைச் சுட்டது. என் பெயருக்குப் புகழ், எனக்கு வெறும் கஞ்சி.

உடம்பு தேறி ஒரு மத்தியானம் போனேன். சாப்பாட்டு நேரம். நான்கு வருடமாக என் பக்கத்து மிஷினில் இருந்த மும்தாஜ், எனக்கென்று எடுத்து வைக்கும் குஸ்காவை ரோஸ்லினுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மும்தாஜ், நான்தான்டி."

நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா நீ? யாரப் பாக்கணும்?"

"ஸ்டெல்லாடி!"

"ஸ்டெல்லா இதோ உக்காந்துனு இருக்கா. பேஜார் பண்ணாத, போ."

அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. மிஷின் ஊசி ஏறிய தழும்பு என் இடது கட்டைவிரலில் உண்டு. அன்று தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியவளே மும்தாஜ்தான். அதைக் காட்ட விரலை நீட்டினேன். நம்பினால் நம்புங்கள், விரல் வழவழவென்று இருந்தது. ரோஸ்லின் மெதுவாகத் தன் விரலை நீட்டினாள். தழும்பு அங்கே இருந்தது.

அவளே நம்பாமல் அதைத் தேய்த்துப் பார்த்தாள். டோக்கனை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த நொடியில் மும்தாஜ் துள்ளி எழுந்தாள்.

"அடிப்பாவி ஸ்டெல்லா, எப்போ வந்த? இப்டி எளச்சிட்டியே!"

ஒருவரின் பெயரையும் நம்பரையும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் அவராகவே நடமாடினால் அதற்கு அடையாளத் திருட்டு என்று பெயராம், பேங்கில் வேலை செய்யும் என் மகள் சொல்கிறாள். நாமே எடுத்துக் கொடுத்திருந்தால்? திரும்ப வாங்கும்போது கூடவே வேறெதையோ வாங்கிக்கொண்டிருந்தால்? தழும்பு மட்டும் எனக்குத் திரும்பவே இல்லை.

அன்று கேட் வரைக்கும் ரோஸ்லின் பின்னாலேயே போனேன். வழியனுப்ப அல்ல, போய்த் தொலைகிறாளா என்று பார்க்க. அவள் நின்று திரும்பினாள். துடைத்துவிட்ட பலகை மாதிரி முகம்.

"அக்கா, என் பேரு இன்னா?"

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே மும்தாஜின் குஸ்கா மணத்தது.

"எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்றேன்.