ஒரு சாண் இடைவெளி

சினிமாச் சண்டைகளில் அடி வாங்குவதுதான் ரப்பருக்கு இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவான் என்று யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. அடிக்கிறவர் கையை வீசினால் போதும், மற்ற வேலையெல்லாம் வாங்குகிறவனுடையது. முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். கேமரா நிற்கிற பக்கத்திலிருந்து அது தெரியாது. கைதட்டல் என்னவோ ஹீரோவுக்குத்தான்.

இந்தப் படம் முழுக்கக் குத்துச்சண்டை. முதல் நாளே அந்தச் சாண் நாலு விரலாயிற்று, மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் குத்து தாடையில் நிஜமாகவே இறங்கியது. ஹீரோ சிரித்து மழுப்பினார். போன படத்தில் ரப்பர் அவர் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததை மனதில் வைத்திருக்கிறாரோ?

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வீக்கத்தைப் பார்த்தாள்.

"பொய்யடி வாங்கறவருக்கு நிஜ வீக்கம் எப்படி வரும்? எங்க போய் வம்பு வளர்த்தீங்க?"

வாயை ஊதச் சொன்னாள். ஊதினான். வாடை இல்லாததும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நாலாம் நாள் ரப்பர் ஹீரோவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடைவேளையில் டீ கிளாசுக்கு அவர் நீட்டிய கை நாலு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்தது. யாராவது பார்த்தார்களா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ரப்பர் குனிந்து ஷூ லேசைக் கட்டினான். பகையுமில்லை, ஒன்றுமில்லை, மனுஷனுக்கு ஒரு கண் சரியில்லை. மறைத்துக்கொண்டு நடிக்கிறார். வெளியே சொன்னால் படம் நின்றுவிடும், சொன்னவனுக்கு அப்புறம் எந்தப் படமும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சொல்லாமலே சமாளிக்கப் பார்த்தான். கை வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி விழுந்தான். மூன்று டேக் வீணாயின.

"என்னய்யா, அடி வர்றதுக்கு முன்னாடியே செத்துப்போற?" என்றார் சண்டை மாஸ்டர். "வயசாயிடுச்சு உனக்கு, தள்ளு. அவனை நிறுத்துங்கப்பா."

அவன் என்றது ரப்பரின் தங்கை புருஷனை. போன வருடம் இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்ததே ரப்பர்தான். "அசையாம நில்லுங்க மாப்ள, அடிக்கிறவர் கையை நம்புங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொடுத்ததும் ரப்பர்தான்.

ரப்பர் வாயைத் திறந்தான். ஹீரோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டான், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான். மாஸ்டர் குரல் கொடுத்தார். மாப்பிள்ளை அசையாமல் நின்றான்.

மூக்கு உடைந்தது. ரப்பர்தான் முதலில் ஓடினான். தலையை மடியில் தாங்கிக்கொண்டு துண்டால் ரத்தத்தை ஒற்றினான்.

"மச்சான், நீங்க மூணு தடவையும் முன்னாடியே விலகினீங்களே. ஏன்?"

"கால் வழுக்கிடுச்சு மாப்ள."

மாப்பிள்ளை ரப்பரின் கையை விலக்கி, துண்டைத் தானே வாங்கிக்கொண்டான்.