பதினெட்டாம் நம்பர் குற்றம்

விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அப்படி ஒருவர் காலையிலேயே போன் செய்தார். கொட்டாம்பட்டிப் பக்கம், திருச்சி ரோட்டை ஒட்டி ஒரு மில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் சைட் மேனேஜர் அவர். நான் பூம் லிஃப்ட் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ரிப்பேர் பார்க்கிற ஆள். நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு கூடை, கூடைக்குள் நின்று ஆட்கள் உயரத்தில் பெயிண்ட் அடிப்பார்கள், ஷீட் மாட்டுவார்கள். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நம் பக்கத்துக்கு அது புது மெஷின். நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

“மெஷின்ல ஒண்ணுமில்ல சார். எல்லாம் ஆபரேட்டரோட தப்பு. வந்து பாத்து, அப்படின்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வேலை நிக்குது” என்றார்.

என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்ட பிறகு நான் எதற்கு? கேட்டிருப்பேன். அதற்குள் போனை வைத்துவிட்டார். டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மேலூர் தாண்டும் வரை மனசுக்குள் அவருடன் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

மில் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அந்த ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், முப்பது வயசு இருக்கும். லிஃப்ட் ஓட்டுவதற்கான அவனுடைய அட்டையை மேனேஜர் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த அட்டை இல்லாவிட்டால் எந்த சைட்டிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். திரும்ப சித்தாள் வேலைக்குத்தான் போக வேண்டும்.

நடந்தது இதுதான். முந்தின நாள் உச்சி வெயிலில், அவனும் ஒரு பெயிண்டரும் நாற்பதடி உயரத்தில் இருந்தபோது கூடை அப்படியே நின்றுவிட்டது. எந்த பட்டனுக்கும் அசையவில்லை. ஸ்கிரீனில் பதினெட்டு என்று ஒரு நம்பர். கீழே, மெஷினின் அடிப்பெட்டியில் ஒரு சாவி இருக்கும். அதைத் தரைப்பக்கம் திருப்பி ஒரு பட்டனை அமுக்கினால் கூடை இறங்கிவிடும். அவ்வளவுதான் வேலை. இவன் மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். கீழே நின்ற மேனேஜரோ யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டு நிழலில் நடந்திருக்கிறார். இரண்டு மணி நேரம். கடைசியில் டைல்ஸ் போட வந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் போய் சாவியைத் திருப்பியிருக்கிறார். இறங்கியபோது பெயிண்டருக்கு நினைவு தப்பியிருந்தது.

சாயங்காலம் இவனுக்கு மெமோ. சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்துக் காட்டினான். ‘தாங்கள் மேலே இருந்தபோது தொடர்புக் குற்றம் புரிந்துள்ளீர்கள் என்பது மெஷினின் பதிவால் உறுதியாகிறது.’ அதற்குக் கீழே, ஒப்புக்கொள்கிறேன் என்று இவன் கையெழுத்து.

“என்னத்துக்குய்யா கையெழுத்துப் போட்ட?”

“மெஷினே சொல்லிருச்சுன்னாய்ங்கண்ணே. நான் கத்துனது பத்தலையோ என்னமோ. இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும் போல.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பதினெட்டு என்பது கம்யூனிகேஷன் ஃபால்ட். கூடையிலும் அடியிலும் இருக்கிற இரண்டு கண்ட்ரோல் பெட்டிகளுக்கு இடையே பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். மனிதன் மனிதனைக் கூப்பிட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எந்த மடையன் எழுதிய தமிழ் இது என்று சத்தமாகவே கேட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

“சரி, நீ சொல்லு. எப்பல்லாம் நிக்கிது?”

“மெஷின் கை கீழ இருக்கயில ஒண்ணுஞ் செய்யாதுண்ணே. மேல தூக்கி, நல்லா நிமிந்துச்சுன்னாத்தான் நிக்கிது. போன வாரமும் ரெண்டு தடவ நின்னுச்சு. மேனேஜர்ட்ட சொன்னேன். ஓட்டு, ஓட்டுன்னுட்டாரு.”

பாதி ரிப்பேரை அவன் அங்கேயே முடித்துவிட்டான். கூடைப் பெட்டியும் அடிப்பெட்டியும் இரண்டே இரண்டு மெல்லிய ஒயர்களில்தான் பேசிக்கொள்கின்றன. அந்த ஒயர்ச் சோடியின் ஒவ்வொரு முனையிலும் நூற்றிருபது ஓம்ஸில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பாட்டரியை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்தால், இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் பாதியாகி, அறுபது காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை கழன்றுவிட்டது, நடுவே எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அடிப்பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். கை கீழே இருக்கும்போது சுத்தமாக அறுபது. தரையிலிருந்தே கையை முழுக்கத் தூக்கி நிறுத்தி, பாட்டரியை அணைத்துத் திரும்ப வைத்தேன். நூற்றிருபது. கையை இறக்கிப் பார்த்தேன், மறுபடி அறுபது. அவன் சொன்னதை மீட்டர் ஒரு எழுத்து மாறாமல் சொன்னது.

கையின் மூட்டில் கேபிள் வளைகிற இடத்தைத் தடவிக்கொண்டே போனேன். வெளித்தோல் நன்றாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் விரலுக்குத் தொளதொளவென்று மடங்கியது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு அற்று, இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. கை நிமிர்ந்தால் விலகும், மடங்கினால் ஒட்டும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புது ஒயர் சேர்த்து, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பதினெட்டு வரவேயில்லை.

வெட்டிய துண்டைக் கொண்டுபோய் மேனேஜரின் மேஜையில் போட்டேன். “இதுக்குக் குடுங்க சார் மெமோ” என்றேன்.

அவர் ஒயரைத் தொடவில்லை. “நானா சொன்னேன்? உங்க கம்பெனிக்காரங்கதான குற்றம்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. அதப் பாத்துத்தான் மெமோ அடிச்சோம்.”

“எங்க ஒட்டியிருக்கு?”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அடிப்பெட்டிக்குப் பக்கவாட்டில், லேமினேட் செய்த ஒரு தாள். திறப்பதும் மூடுவதுமாக அதைத் தாண்டி எத்தனை தடவை கை வைத்திருப்பேன். ஆபரேட்டர்களுக்கு ஒவ்வொரு நம்பருக்கும் தமிழில் விளக்கம். 18 – தொடர்புக் குற்றம். கறுப்பு மையில், குண்டு குண்டாக, கொம்பும் சுழியும் பிசகாமல், என்னுடைய கையெழுத்து.

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் பேசுவது வேறு மொழி. அதனாலேயே பள்ளிக்கூடத்தில் தமிழை விழுந்து விழுந்து படித்தேன், கையெழுத்துக்குப் பரிசும் வாங்கினேன். என் தமிழில் யாரும் ஒரு சொல் குறை சொல்லிவிடக்கூடாது என்று ஒரு வீம்பு. மெஷின் வந்த புதிதில், கம்பெனி கேட்டு அந்தத் தாளை எழுதும்போது அகராதியைப் புரட்டினேன். பழுது என்ற வார்த்தை கண்ணில் படாமல் இல்லை. சைக்கிள் கடைப் பலகையில் எழுதுகிற வார்த்தையாயிற்றே என்று தள்ளிவிட்டு, குற்றம் என்று எடுப்பாகப் போட்டேன். காலையிலிருந்து நான் தேடிய மடையன் நான்தான்.

ஸ்குரூ டிரைவரால் தாளைச் சுரண்டியெடுத்தேன். வார்த்தை தவறு, எழுதியவன் நான், மெஷினில் கேபிள் பழுது, ஆபரேட்டர் முன்கூட்டியே சொல்லியும் ஓட்டச் சொன்னார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். கடைசி வரியை எடுக்கச் சொல்லி மேனேஜர் அரைமணி நேரம் வாதாடினார். நான் அசையவில்லை. மெமோவை ரத்து செய்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் சாவியைக் கொடுத்தேன். அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு பேரை வெயிலில் காயப் போட்டதற்கு அவர்மேல் யாரும் ஒரு தாள்கூட எழுதவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்டுக்கு வந்து அட்டையை ஆபரேட்டரிடம் கொடுத்தேன். சுரண்டிய தாளையும் காட்டி, இது நான் எழுதியது என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

தாளை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் படித்தான்.

“நீங்களாண்ணே? எழுத்து அம்புட்டு அழகா இருந்துச்சு. படிச்சவுக எழுதுனது, சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்.”