அப்பாவின் சீட்டை நகர்த்தாத கதை

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில், நடுக்கடையில் வைத்து எனக்குச் செம திட்டு. காரணம் – முட்டை!

நாமக்கல் பண்ணையில் முட்டை ஏற்றி, சேலம் கடைகளில் இறக்குவது அப்பாவின் வேலை. அப்பா இறந்த பிறகு அந்த மினி லாரியை நான்தான் ஓட்டுகிறேன். அன்று ஒரு டவுன் பஸ் சட்டென்று நின்றது. பிரேக் அடித்தேன். அடித்தேன் என்றா சொன்னேன்? காலை நீட்டி, பெடலைத் தேடிப்பிடித்து மிதித்தேன். பின்னால் சடசடவென்று சத்தம்...

கடை வந்ததும், கடைக்கார அண்ணன் தார்ப்பாயை விலக்கினார்.

"ஏம்புள்ள, முட்டை கொண்டாரச் சொன்னா ஆம்லெட்டு கொண்டாந்திருக்கே?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்ணா..."

"எத்தன வாட்டி? உங்கப்பன் ஓட்டுறப்ப ஒரு முட்ட கீறல் உட்டிருக்குமா? இன்னொருக்கா இப்படி ஆச்சு, வேற வண்டி வெச்சுக்குவேன். சொல்லிப்புட்டேன்."

அந்தக் கடை போனால் வருமானத்தில் பாதி போச்சு. அப்புறம் வண்டியை விற்க வேண்டியதுதான்.

இந்த 'அட்ஜஸ்ட்' இருக்கிறதே... ஒன்பதாம் வகுப்போடு இங்கிலீஷுக்கு டாட்டா காட்டியவள் நான். எனக்கே அது பார்க்கும் வேலைகள் தெரியும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார – அட்ஜஸ்ட். குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றி அட்ஜஸ்ட். மெக்கானிக் கிளட்ச்சை அட்ஜஸ்ட் செய்வார். மாப்பிள்ளை குடிக்கிறாரா? பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்! அப்பா காரியத்துக்கு வந்தவர்கள்கூட, காபி டம்ளரைக் கீழே வைத்தபடி, "இனி நீதான் சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்" என்றார்கள். எப்படி? அதை யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் செய்தேன். டிரைவர் சீட்டை மட்டும் தொடவில்லை.

அப்பா ஆறடி. நான்... சரி, விடுங்கள். அவர் காலுக்குத் தோதாக சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கும். அடியில் லீவர் உண்டு. இழுத்தால் முன்னால் வரும். அறிவாளி நான் என்ன செய்தேன்? முதுகுக்குத் தலையணை வைத்து, பொண்ணு பார்க்க வந்த அன்று மாதிரி நுனியில் உட்கார்ந்து ஓட்டினேன். நகர்த்திவிட்டால் அப்பா உட்கார்ந்த இடம் என்று ஒன்று இல்லாமல் போய்விடுமே!

அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவ வந்த அம்மா தலையணையைப் பார்த்தார்.

"இது எதுக்கு புள்ள?"

சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

"லூசுப்புள்ள! அழுவறதுன்னா ஊட்டுல உக்காந்து அழு. கால் எட்டாம ரோட்டுல போயி... உன்னையும் நான் தூக்கிக் குடுக்கோணுமா?"

அம்மாவே குனிந்து லீவரை இழுத்தார். கரகரவென்று சீட் முன்னால் வந்தது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவர் நிமிரவில்லை.

மறுநாள் ஒரு முட்டைகூட உடையவில்லை. திட்டுவதற்குத் தயாராக வந்த கடைக்கார அண்ணன், ட்ரேயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஏமாந்து போனார்.

இன்னொன்று பாக்கி இருந்தது – பக்கத்துக் கண்ணாடி. அதுவும் அப்பா உயரத்துக்கு வைத்ததுதான். இத்தனை நாள் கழுத்தை எக்கி எக்கித்தான் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தேன்.

அதை நானே திருப்பினேன். அம்மாவைக் கூப்பிடவில்லை.