இன்னொரு பொட்டலம்

நிகழ்தகவுப் பாடத்தை எழுதின புண்ணியவான் ஒரு நாளும் ஏழாம் வகுப்புக்குள்ள காலை வெச்சிருக்க மாட்டார். பைக்குள்ள நாலு சிவப்புப் பந்து, மூணு நீலப் பந்தாம். ஸ்ரீரங்கத்துல எவன் பந்தைப் பையில போட்டுக்கிட்டு அலையறான்? பிள்ளைங்க கொட்டாவி விட்டாங்க. எனக்கே வந்தது.

சரி, ஒழியட்டும்னு புத்தகத்தை மூடிட்டு, பூக்கட்டிப் பார்க்கிறதை எடுத்தேன். நம்ம வீடுகள்ல நடக்கிறதுதானே? கல்யாணமோ, மனை வாங்கறதோ, ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல சிவப்பு. சாமி முன்னாடி போட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா செய்யலாம், சிவப்பு வந்தா கூடாது. "வெள்ளை வர வாய்ப்பு எவ்வளவு?"ன்னு கேட்டேன். "பாதி மிஸ்!"னு மொத்த வகுப்பும் கத்துச்சு. பரவாயில்லையே, மண்டையில ஏறுதேன்னு எனக்கு ஒரே பெருமை.

கடைசி பெஞ்சுப் பொண்ணு மட்டும் கையைத் தூக்கினா. வையம்பட்டிப் பக்கத்துக்காரி, இங்க அத்தை வீட்டுல தங்கிப் படிக்கிறவ.

"ரெண்டு பொட்டலத்திலயும் சிவப்பே இருந்தா மிஸ்?"

வகுப்பு சிரிச்சுது. "அப்படிக் கட்டினா அது பித்தலாட்டம்டி, கணக்கு இல்ல"ன்னேன். அவ உட்கார்ந்துட்டா.

மறுநாள் அவளோட அப்பா டி.சி. கேட்டு வந்து நின்னார். பக்கத்துல அவ. ஊர்ல ஆட்டைப் பார்த்துக்க ஆள் இல்லையாம், பொம்பளப் புள்ளைக்குப் படிச்ச வரைக்கும் போதுமாம். அதோட நிறுத்தித் தொலைச்சிருக்கலாமில்ல?

"நானா முடிவு பண்ணலைங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை ஊர்ல ஆத்தா கோயில்ல பூக்கட்டிப் பார்த்தோம். எடுத்ததும் இவ கைதான். சிவப்பு வந்துருச்சு. சாமி உத்தரவுங்க"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டார்.

அந்த பக்தியைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. முதல் நாள் அவ கேட்ட கேள்வி அப்பத்தான் உறைச்சுது.

"இன்னொரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"அதைப் பிரிக்கக் கூடாதுங்க. தெய்வக் குத்தம்."

"நான் பிரிச்சேம்ப்பா"ன்னா அவ. "அதுலயும் சிவப்புதான் இருந்துச்சு."

மனுஷன் அவளையும் பார்க்கல, என்னையும் பார்க்கல. சுவத்துல தொங்கின பெருமாள் காலண்டர் பக்கமும் திரும்பல. தரையைப் பார்த்துக்கிட்டே, "டி.சி. எப்பங்க கிடைக்கும்?"னு கேட்டார்.

இந்தத் தடவை சாமி பேரைச் சொல்லல.