பன்னிரண்டு பதார்த்தமும் ஒரு காலித் தட்டும்

இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒரே நாளில், பத்து நிமிட இடைவெளியில், என் மட்டன் பிரியாணியை வேண்டாம் என்றார்கள். அம்பத்தூரில் பல வருடங்களாகச் சமைக்கிறேன். அதுவரை என் பிரியாணியை வேண்டாம் என்றவர் ஒருவரும் இல்லை.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் பொறுப்பு என்னுடையது. போன டிசம்பரில் புது பேக்கிங் மெஷின் ஒன்றை நிறுவ இருவர் வந்து தங்கினார்கள். மெஷினைப் பொருத்துகிறவர் போலந்துக்காரர், ஆள் நல்ல வாட்டசாட்டம். அதற்கு புரோகிராம் எழுதுகிறவர் லித்துவேனியாக்காரர், ஒல்லி. மெஷின் ஓடவில்லை. குற்றம் இவருடையது என்று அவரும் அவருடையது என்று இவரும் சொல்லிச் சொல்லி, ஒருநாள் என் சாப்பாட்டு மேஜையிலேயே கத்தித் தீர்த்தார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. சாப்பிடுவதும் தனித்தனி மேஜையில்தான்.

மேனேஜர்தான் விளக்கினார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரு காலத்தில் ஒரே ராஜாவின் கீழ் இருந்தவை, பெரியது தன்னை விழுங்கப் பார்த்தது என்று சின்னதற்கு இன்னும் ஆதங்கம், சண்டையில் அந்தப் பழங்கதையும் வந்துவிட்டது என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இது பங்காளிச் சண்டை. எங்கள் பக்கம் வரப்புக்கு நடப்பது, அங்கே ராஜ்யத்துக்கு நடந்திருக்கிறது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாருங்க மேடம்" என்றார் மேனேஜர். "அப்பவும் சரியாகலைன்னா ரெண்டு பேரையும் ஓட்டலுக்கு மாத்திடுவோம். கெஸ்ட் ஹவுஸையே மூடிடலாம்னு மேல பேச்சு இருக்கு." கெஸ்ட் ஹவுஸை மூடினால் எனக்கும், என்னோடு சமைக்கிறவளுக்கும் வேலை போகும். அவள் திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள்.

நான் அறிந்த கிறிஸ்துமஸில் பிரியாணி உண்டு. பண்டிகையன்று மற்றவர்களுக்கெல்லாம் லீவு என்பதால் முந்தின நாள் மாலையே விருந்து என்று முடிவுசெய்து, தம் போட்டேன். நான்கு மணிக்குப் போலந்துக்காரர் சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார். முகம் சுருங்கியது. இன்று கறி சாப்பிட மாட்டேன், டீ போதும் என்றார். இங்கே முதல் நட்சத்திரம் எத்தனை மணிக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, தன் மேஜையில் ஒரு தட்டு அதிகமாக வைக்கச் சொல்லிப் போனார். பத்து நிமிடம் கழித்து லித்துவேனியாக்காரர் வந்தார். அதே கறி, அதே நட்சத்திரம், அதே அதிகத் தட்டு.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் பேசி வச்சிகினு நம்மள கலாய்க்கிறாங்களா?" என்றாள் என்னோடு சமைக்கிறவள்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியோடு லித்துவேனியாக்காரர் பின்னாலேயே போனேன். என் இங்கிலீஷ் காய்கறிக்கடை இங்கிலீஷ்தான், ஆனாலும் சமையலுக்குப் போதும். அப்படியென்றால் உங்கள் வீட்டில் இன்று என்னதான் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸ், காளான், மீன், தேன் விட்ட கோதுமை, கசகசாவில் எடுத்த பால். மொத்தம் பன்னிரண்டு. கறி கூடாது, மாட்டுப்பால்கூடக் கூடாது. நேராகப் போலந்துக்காரர் கதவைத் தட்டி அதையே கேட்டேன். அவரும் விரல்விட்டு எண்ணினார். மாட்டுப்பாலுக்குத் தடை இல்லை என்பதைத் தவிர, அதே பீட்ரூட், அதே கசகசா, அதே பன்னிரண்டு.

வராந்தாவிலேயே நின்று சிரித்துவிட்டேன். ஒரே வீட்டுச் சமையலை வைத்துக்கொண்டு, எதிரெதிர் அறையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் கறியில்லாமல் பன்னிரண்டு பதார்த்தம் என்பதை, புரட்டாசி முழுக்க விரதச் சமையல் செய்கிற என்னிடம் சொல்கிறார்கள்.

"பிரியாணியை வாட்ச்மேனுக்கும் ஷிப்டு ஆளுங்களுக்கும் அனுப்பிடு" என்றேன். அவள் கணவர் ஏரி மீன் விற்கிறவர். உடனே போன் போட்டாள். "யோவ், பெரிய கெண்டையா ரெண்டு எட்த்துகினு அடுத்த வண்டிய புடி. இன்னாத்துக்குன்னு அப்பால சொல்றேன்."

புளி குறைத்து பீட்ரூட் ரசம், முட்டைக்கோஸ் பொரியல், காளான் வறுவல், காரமில்லாத பட்டாணிச் சுண்டல் என்று பன்னிரண்டையும் நிரப்ப இரண்டு அடுப்பிலும் கை ஓயவில்லை. கெண்டை ஐந்தரைக்கு வந்தது. பாயசத்துக்குக் கோதுமையும் கசகசாவும் தேனும் சேர்த்து, மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினேன். அதில் எந்த நாட்டுக்காரரும் குறை சொல்ல முடியாது.

பிறகு மொட்டை மாடியில் இரண்டு மேஜையையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்தேன். அதிகமாக ஒரே ஒரு தட்டு வைத்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்ததும் இருவரையும் கூப்பிட்டேன். மேலே வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மேஜையைப் பார்த்தார்கள், காலித் தட்டைப் பார்த்தார்கள். போலந்துக்காரர் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே காகிதம்போல மெல்லிய வெள்ளை அப்பம், அவர் அம்மா கொடுத்தனுப்பியது. அதைப் பார்த்ததும் லித்துவேனியாக்காரர் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். சேர்த்த மேஜையை மறுபடி பிரிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையிலும் ஓர் உறை. பெட்டிக்குள் நசுங்கி, அவருடைய அப்பம் தூளாகியிருந்தது. போலந்துக்காரர் தன்னுடையதை நீட்டினார். மற்றவர் ஓரத்தில் கொஞ்சம் ஒடித்துக்கொண்டு, தன் உறையிலிருந்த தூளை அவர் உள்ளங்கையில் கொட்டினார். அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளாமல், மனஸ்தாபத்தோடு இந்த மேஜையில் உட்காரக் கூடாது என்பது இரண்டு ஊரிலும் முறையாம். என்ன பேசினார்களோ, இருவருக்கும் கண் சிவந்திருந்தது. எனக்கும்தான்.

பாயசம் வந்தபோது மறுபடி சத்தம். இது எங்கள் ஊர்ப் பண்டம் என்று அவர், இல்லை எங்களுடையது என்று இவர். இந்தமுறை சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். பாயசம் அம்பத்தூருடையது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

காலித் தட்டு எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு என்றார் போலந்துக்காரர். எங்களுக்கு அது அந்த வருடம் இறந்தவர்களுக்கு என்றார் மற்றவர். பிறகு தங்களுக்குள் ஏதோ பேசி, இந்த வருடம் போலந்து முறைப்படி இருக்கட்டும் என்று முடிவுசெய்து, இருவருமாக அந்த நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்கள். என்னோடு சமைத்தவளுக்கு இன்னொரு தட்டை நானே கொண்டுவந்தேன்.

கெண்டையில் கை வைத்தபோது மேனேஜர் போன் செய்தார். ஓட்டலில் ரூம் பார்த்துவிட்டாராம், எப்போது மாறுகிறார்கள் என்று கேட்டார். என் கை முழுக்க மீன் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஓட்டல், ரூம் என்ற சொற்களிலேயே விஷயம் பிடிபட்டு, லித்துவேனியாக்காரர் போனை எடுத்து, நாங்கள் வீட்டில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், மெஷினைப் பற்றி நாளை மறுநாள் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.