ஆபீஸ் என்றால் மேலே

துறைமுகத்துக் கிரேன்காரனுக்கு இரண்டே வார்த்தை தெரிந்தால் போதும்: ‘ஆபீஸ்’ என்றால் பாரத்தை மேலே தூக்கு, ‘ஆரியா’ என்றால் கீழே இறக்கு. எந்த ஊர்க் கப்பல்காரன் விட்டுப்போன பாஷையோ, எங்கள் ஆட்களுக்கு அது தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது. ஒரு மழைநாளில் கிரேன் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, நானே ஒரு பாரமாகக் கீழே வந்தேன். ஆரியா சொல்ல ஆளில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எலும்பு முறிந்து படுத்து எழுந்தவர்களே, உங்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்: வலி ஒருநாள் போய்விடுகிறது, பயம் போகமாட்டேன் என்கிறது.

கட்டிலில் ஒரு கப்பி

ஆஸ்பத்திரியில் எலும்பு நேராகச் சேரவேண்டும் என்று என் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வைத்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். பாரம் தொங்கவிடுவதே பிழைப்பாக இருந்தவனுக்கு இது தெரிந்த சங்கதி. அதுதான் வினை. கயிறு எப்படி அறும், முடிச்சு எப்படி நழுவும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கப்பி கிறீச்சிட்டால் எனக்கு வேர்த்துக் கொட்டும். பக்கத்துக் கட்டில்காரர் தும்மினால்கூடக் கயிற்றைத்தான் பார்ப்பேன். திரும்ப நடப்பேனா என்று டாக்டரைக் கேட்கவே இல்லை. மாட்டாய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

காதர் பாய் பார்க்க வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். கப்பலோரம் நின்று எனக்குக் கைகாட்டிக் குரல் கொடுப்பவர் அவர்தான். சாத்துக்குடியை என் கையில் திணித்துவிட்டு, எடைக்கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லோடு ஆடாம நிக்குது பாரு மாமு. நீ கிரேன் ஓட்டச்சொல்ல ஒருநாளாவது இப்டி நின்னுகீதா?”

ஒற்றைப் படி

கக்கத்தில் கட்டையோடு ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தினமும் வெளியே நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வாசலில் இருப்பது ஒரே படி. தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வருகிறவர்கள் சிந்திச் சிந்தி அது எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த ஏணி ஞாபகம் வந்துவிடும். வெயில் தாழட்டும் என்பேன். வெயில் தாழ்ந்ததும் இருட்டிவிட்டது என்பேன். கட்டை போய்க் கைத்தடி வந்த பிறகும் இதே கதைதான்.

என் மனைவி ராஜம்மா பழைய புடவையால் அந்தப் படியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள். ஒருநாள் துணியை விசிறி எறிந்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“கப்பல்லருந்து ரயில் இஞ்சினையே எறக்குன ஆளு, ஒத்தப் படி எறங்க இன்னாய்யா இந்தப் பேஜாரு? நீயா எறங்கு. இல்லாங்காட்டி உன்ன நான் தூக்கி எறக்குவேன், தெருவே பாக்கும்!”

இரண்டு ஆபீஸ்

தெரு பார்க்கத் தூக்கிவிடுவாளோ என்ற பயத்திலேயே படி இறங்கி நடந்து பழகினேன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஏணி ஏறலாம் என்று துறைமுக டாக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்து அவரே, “பயமாக இருந்தால் ஆபீசில் உட்கார்த்தி வைக்கச் சொல்கிறேன்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வெளியே வந்ததும் கிரேனின் கூண்டை அண்ணாந்து பார்த்தேன். அந்த மேல்கூண்டை விட்டால் நான் வேறு யார்? ஆனால் ஏணியை நினைத்தால் உள்ளங்கை ஈரமாகிறது.

கப்பலடியில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று காதர் பாய் கேட்டார். “ஆபீஸ்” என்றேன், தரையைப் பார்த்தபடி. அவ்வளவுதான். கூச்சல் கிளம்பிவிட்டது. ஒருவன் என் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டான். நான் சொன்னது நாற்காலி ஆபீஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் காதில் விழுகிறது? பாய் என்னை ஏணியடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“டாக்டரே தூக்கச் சொல்ட்டாரு! ஏறு மாமு, ஆபீஸ்!”

நடு ஏணி

விழுந்த இடம் வந்ததும் கால் நின்றுவிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். செத்துப்போவேன் என்றே நினைத்தேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே கூச்சல் அடங்கிவிட்டது. பாயின் குரல் மட்டும், கண்ணாடிச் சாமான் பெட்டியைத் தூக்கும்போது கொடுப்பாரே அதே நிதானத்தில், “ஆபீஸ்... ஆபீஸ்...” என்று வந்தது. அந்தக் குரலுக்குக் கை தானாக நகர்ந்து பழக்கம்; காலும் கையைத் தொடர்ந்து மேலே ஏறியது. கூண்டுக்குள் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தபோது அழுதுவிட்டேன். இறங்கும்போது, அதே குரல் “ஆரியா... மெதுவா ஆரியா” என்று என்னைப் படிப்படியாகத் தரையில் வைத்தது.

டீக்கடையில் உண்மையைச் சொன்னேன்: நான் சொன்னது மேஜை நாற்காலி ஆபீஸ், நீங்கள்தான் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள் என்று. பாய் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

“எனுக்கு அப்பவே தெரியும் மாமு. கிரேன் ஏறப்போறவன் மூஞ்சியா அது?”

இப்போதும் தினமும் ஏறும்போது பயம், இறங்கும்போது அதைவிடப் பயம், இடையில் மட்டும் பிழைப்பு நடந்துகொண்டிருக்கிறது.